வீட்டு இணைய இணைப்பின் வேகத்தைக் கூட்ட வேண்டுமா? அளந்து பார்த்து முடிவெடுக்கும் முறை

வீட்டில் இணையம் தடுமாறத் தொடங்கியதும், இப்போதுள்ள திட்டத்தைவிடப் பெரிய திட்டத்துக்கு மாறிவிடலாம் என்பதே பெரும்பாலோருக்கு முதலில் தோன்றும் எண்ணமாக இருக்கிறது. விற்பனைப் பிரிவிலிருந்து தொலைபேசியில் அழைப்பவரும் அதையேதான் சொல்வார். அவரிடம் வேறு மருந்து இல்லை. ஆனால் காணொளி பாதியில் நின்று வட்டமடிப்பதற்கும் மாதந்தோறும் நாம் கட்டும் திட்டத்தின் வேகத்துக்கும் தொடர்பே இல்லாத வீடுகள் நிறைய உண்டு. தெருமுனையிலிருந்து வரும் கண்ணாடி இழை, சுவரில் மாட்டிய பெட்டி, ரவுட்டர், இடையில் நிற்கும் சுவர்கள், கையிலிருக்கும் கைப்பேசி, தொலைவில் எங்கோ இருக்கும் சர்வர் என நீளும் பாதையில் ஏதோ ஓர் இடம் மட்டுமே குறுகியிருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் வேறோர் இடத்தை அகலப்படுத்தினால் கட்டணம் கூடுமே தவிர, இணையம் வேகம் பெறாது. தமிழ்நாட்டு நகரங்களிலும் ஊர்களிலும் 30 முதல் 200 எம்பிபிஎஸ் வரையிலான வீட்டு இணைப்பை வைத்திருப்பவர்களை மனத்தில் கொண்டு, அந்தக் குறுகிய இடத்தைக் கண்டறிவதற்கான வழிமுறை இங்கே எழுதப்படுகிறது.

திட்டத்தில் எழுதியிருக்கும் எண் எதைக் குறிக்கிறது

திட்டங்களின் வேகம் ஒரு நொடிக்கு இத்தனை மெகாபிட், அதாவது எம்பிபிஎஸ், என்ற கணக்கில் சொல்லப்படுகிறது. கோப்புகளின் அளவோ மெகாபைட்டிலும் கிகாபைட்டிலும் சொல்லப்படுகிறது. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் இறங்கும். கணினியின் பதிவிறக்கப் பெட்டியில் 12 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, நூறு தருவதாகச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று கொதிப்பவர்கள் முதலில் இந்த வகுத்தலைச் செய்து பார்க்க வேண்டும். இந்தியாவில் ஓர் இணைப்பை அகலப்பட்டை (பிராட்பேண்ட்) என்று அழைப்பதற்கான குறைந்தபட்ச வேகம் 512 கேபிபிஎஸ் (சுமார் அரை எம்பிபிஎஸ்) என்றிருந்தது 2023-ஆம் ஆண்டில்தான் 2 எம்பிபிஎஸ் ஆக உயர்த்தப்பட்டது என்பதையும் நினைவில் கொண்டால், இன்று சாதாரணத் திட்டமாகக் கருதப்படும் 40 அல்லது 50 எம்பிபிஎஸ் எவ்வளவு தாராளமானது என்பது விளங்கும்.

உங்கள் வீட்டின் உச்ச நேரத் தேவை

மாதம் முழுவதும் எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பது ஒரு கணக்கு. ஒரே நேரத்தில் எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பது வேறொரு கணக்கு. வேகத்தைத் தீர்மானிப்பது இரண்டாவதுதான். ஆகவே இரவு உணவு முடிந்து வீட்டிலுள்ள அனைவரும் ஏதாவதொரு திரையின் முன் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டு, யார் என்ன செய்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

நெட்ஃபிளிக்ஸ் தன் பயனர்களுக்குப் பரிந்துரைக்கும் வேகம், முழு எச்டி தரத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே தரத்துக்கு 15 எம்பிபிஎஸ் ஆகும். யூடியூப் 4கே தரத்துக்கு 20 எம்பிபிஎஸ் கேட்கிறது. ஜூம் கூட்டத்தில் மிக உயர்ந்த படத்தரத்துக்குக்கூட இரு திசையிலும் 4 எம்பிபிஎஸ் இருந்தால் போதும். கூடத்தில் 4கே தொலைக்காட்சி ஒன்று, அறையில் மகள் பார்க்கும் எச்டி தொடர் ஒன்று, அலுவலகக் கூட்டத்தில் ஒருவர், குறுங்காணொளிகளைத் தள்ளிக்கொண்டிருக்கும் கைப்பேசிகள் மூன்று என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் மொத்தம் 40 எம்பிபிஎஸ் அளவில்தான் வந்து நிற்கும். நால்வர் உள்ள வீட்டுக்கு 50 எம்பிபிஎஸ் போதும், 100 எம்பிபிஎஸ் வசதியானது என்பது இந்தக் கூட்டலிலிருந்து கிடைக்கும் முடிவு. அதற்கு மேல் போக விரும்புபவர் அதற்கான காரணத்தை அந்தத் தாளில் எழுதிக் காட்ட முடிய வேண்டும்.

அப்படி எழுதிக் காட்டக்கூடிய காரணங்கள் இல்லாமல் இல்லை. பெரிய கோப்புகளை அடிக்கடி இறக்குபவர்களுக்கு வேகம் நேரடியாக நேரத்தை மிச்சப்படுத்துகிறது. இன்றைய கணினி விளையாட்டுகளில் சில 100 கிகாபைட்டைத் தொடுகின்றன. அவ்வளவு பெரிய கோப்பு 40 எம்பிபிஎஸ் இணைப்பில் இறங்கி முடிய ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இரண்டேகால் மணி நேரம் ஆகும், 300 எம்பிபிஎஸ் இணைப்பில் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். மாதம் ஒரு முறை மட்டும் இத்தகைய பதிவிறக்கம் நடக்கிறது என்றால் அதை இரவில் ஓடவிட்டுவிட்டுத் தூங்கலாம். தினமும் காணொளித் தொகுப்பு வேலை செய்பவருக்கு அது நியாயமான தீர்வாகாது.

கணக்கிடும்போது பெரும்பாலோர் விட்டுவிடுவது பதிவேற்றத்தை. கைப்பேசிகள் படங்களை இணையச் சேமிப்பகத்துக்கு ஏற்றுவதும், வாசலிலும் மாடியிலும் மாட்டிய கேமராக்கள் காட்சியை இடைவிடாமல் அனுப்புவதும் பதிவேற்றத்தின் கணக்கில் வருகின்றன. ஒரு சாதாரண 1080பி (முழு எச்டி) கேமரா சுமார் 2 எம்பிபிஎஸ் எடுக்கும் என்று வைத்துக்கொண்டால் நான்கு கேமராக்கள் 8 எம்பிபிஎஸ் வரை எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான ஃபைபர் திட்டங்களில் பதிவேற்ற வேகமும் பதிவிறக்க வேகமும் சமமாகவே தரப்படுகின்றன; ஆனால் பழைய தொலைபேசிக் கம்பியிலும், 5ஜி அலைவரிசை வழியாக வீட்டுக்குத் தரப்படும் ஏர்ஃபைபர் வகை இணைப்புகளிலும், சில உள்ளூர் கேபிள் இணைப்புகளிலும் பதிவேற்றம் மிகக் குறைவாக இருக்கும். பேசும்போது உங்கள் குரல் மட்டும் எதிர்முனையில் வெட்டி வெட்டிக் கேட்கிறது என்று புகார் வந்தால் சந்தேகிக்க வேண்டியது இந்தத் திசையைத்தான்.

கேபிள் செருகி அளப்பது

இந்த வழிமுறையின் மையம் இதுதான். கைப்பேசியில் வேகச் சோதனை செயலியைத் திறந்து ஒரு முறை அழுத்திவிட்டு வரும் எண்ணை நம்பி முடிவெடுப்பது, வெளியிலிருந்து வரும் இணைப்பையும் வீட்டுக்குள் இருக்கும் வைஃபையையும் ஒன்றாகக் குழப்பிவிடும். இரண்டையும் பிரித்து அளந்தால்தான் குறை யாருடையது என்று தெரியும்.

முதலில் ஒரு மடிக்கணினியை லேன் கேபிள் மூலம் நேரடியாக ரவுட்டரில், அல்லது ஃபைபர் வந்து சேரும் பெட்டியில் இணையுங்கள். லேன் துளை இல்லாத புதிய மடிக்கணினிகளுக்கு யுஎஸ்பி வழியாகச் செருகும் மாற்றிகள் கிடைக்கின்றன. கிகாபிட் வேகத்துக்கு ஏற்ற மாற்றியாகப் பார்த்து வாங்குவதோ, கணினிக்கடை நண்பரிடம் ஒரு நாளுக்கு இரவல் வாங்குவதோ நல்லது. வைஃபையை அணைத்து, வீட்டிலுள்ள மற்ற கருவிகளின் இணைப்பையும் சில நிமிடங்கள் துண்டித்துவிட்டு, ஊக்லா, ஃபாஸ்ட்.காம் ஆகிய வேகச் சோதனைத் தளங்கள் இரண்டிலும் சோதியுங்கள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, இரவு ஒன்பது மணி அளவில் ஒரு முறை என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். ஞாயிறு இரவு அதில் கட்டாயம் இருக்க வேண்டும். ஊக்லா போன்ற தளங்கள் சில நேரங்களில் உங்கள் நிறுவனத்தின் வளாகத்துக்குள்ளேயே இருக்கும் சர்வரைத் தேர்ந்தெடுத்து மிக அழகான எண்ணைக் காட்டும். நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் சர்வரை நீங்களே தேர்ந்தெடுத்துப் பார்த்தால்தான் உண்மை நிலவரம் தெரியும். ஃபாஸ்ட்.காம் நெட்ஃபிளிக்ஸின் சொந்தச் சர்வர்களிலிருந்து அளப்பதால், படம் பார்க்கும் அனுபவத்துக்கு நெருக்கமான எண்ணைத் தரும்.

அடுத்து அதே மடிக்கணினியைக் கேபிளிலிருந்து கழற்றி, ரவுட்டருக்கு அருகில் வைத்து 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் அளந்து பாருங்கள். பிறகு வழக்கமாகச் சிக்கல் வரும் அறைக்குக் கொண்டுபோய் அங்கே அளந்து பாருங்கள். இப்போது உங்களிடம் மூன்று வகை எண்கள் இருக்கும்: கேபிளில் கிடைத்தது, ரவுட்டர் அருகே கிடைத்தது, அறையில் கிடைத்தது. அவற்றை ஒப்பிட்டால் முக்கால்வாசி விடை கிடைத்துவிடும்.

கேபிளில் திட்டத்தின் வேகம் முழுமையாகக் கிடைத்து, அறையில் மட்டும் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது என்றால், திட்டத்தை மாற்றுவது முழு வீண்செலவு. நம் ஊர் வீடுகளில் இது மிகச் சாதாரணமாக நிகழ்கிறது. இணைப்புக் கொடுக்க வந்தவர் சன்னல் வழியாகக் கம்பியை உள்ளே இழுத்து, அருகிலேயே இருந்த மின்செருகிக்குப் பக்கத்தில் பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருப்பார். அந்த மூலையிலிருந்து படுக்கையறைக்குப் போக அலைகள் இரண்டு மூன்று செங்கல் சுவர்களையும் ஒரு இரும்பு பீரோவையும் தாண்ட வேண்டியிருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது என்றாலும் சுவர்களைத் தாண்டும்போது விரைவில் வலுவிழக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும் என்றாலும் அதில் ஒன்றோடொன்று மோதாத அலைத்தடங்கள் 1, 6, 11 என மூன்றுதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் சுற்றிலும் இருபது வீட்டு ரவுட்டர்கள் அந்த மூன்றையே பங்கு போட்டுக்கொள்கின்றன. ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு, தரையிலிருந்து தலை உயரத்தில், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்கு வெளியே கொண்டுவருவது செலவில்லாத முதல் வைத்தியம். அதற்கு ஃபைபர் கம்பியை நீட்ட வேண்டியதில்லை. பெட்டியிலிருந்து ஒரு லேன் கேபிளை இழுத்து வேறொரு ரவுட்டரை நடுவில் வைத்தால் போதும். மாடி வீடாக இருந்தால், மேல்தளத்துக்கும் ஒரு கேபிள் இழுத்து அங்கே ஓர் அணுகுமுனை (வைஃபை பரப்பும் கருவி) வைப்பது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஒற்றை ரவுட்டரைவிடவும் நன்றாக வேலை செய்யும். கேபிள் இழுக்கவே வழியில்லாத வீட்டுக்கு, பல இடங்களில் வைத்து ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் வகைக் கருவிகள் உதவும் என்றாலும், அவை தமக்குள் பேசிக்கொள்வதும் அதே காற்றில்தான் என்பதால் வேகத்தில் ஒரு பங்கை இழக்க நேரிடும்.

கேபிளில் அளக்கும்போது வேகம் ஒவ்வொரு முறையும் 94 எம்பிபிஎஸ் அருகிலேயே வந்து முட்டி நின்றால், குற்றவாளி கிட்டத்தட்ட உறுதியாகவே தெரிந்துவிட்டது. எங்கோ ஓரிடத்தில் 100 மெகாபிட் துளை ஒன்று இருக்கிறது, அல்லது லேன் கேபிளின் எட்டு இழைகளில் நான்கு மட்டுமே சரியாக இணைந்திருக்கின்றன. 150 அல்லது 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டிக்கொண்டே மலிவான பழைய ரவுட்டரில் வாழ்பவர்களின் நிலை இதுதான். கணினியின் பிணைய அமைப்பில் இணைப்பு வேகம் 100 என்று இருக்கிறதா, 1000 என்று இருக்கிறதா என்று பார்த்தாலே இது விளங்கிவிடும். பல ஸ்மார்ட் தொலைக்காட்சிகளின் லேன் துளையும் 100 மெகாபிட்தான். அவற்றைக் கேபிளில் மாட்டினாலும் அதற்கு மேல் எடுக்காது, எடுக்கவேண்டிய தேவையும் அவற்றுக்கு இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரிந்த பழைய கைப்பேசி, பின்னால் கிகாபிட் இணைப்பே இருந்தாலும் நடைமுறையில் 40, 50 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டுவது அரிது.

கேபிளிலேயே எல்லா நேரமும் வேகம் குறைவாக இருந்தால், இப்போது வாங்கும் திட்டத்தையே நிறுவனம் முழுதாகத் தரவில்லை என்று பொருள். அப்போது செய்ய வேண்டியது புகார் கொடுப்பது. ஃபைபர் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் உள்வரும் ஒளியின் வலிமை டிபிஎம் என்ற அலகில் காட்டப்படும். அது மைனஸ் 15 முதல் மைனஸ் 25 வரை இருந்தால் நலம், மைனஸ் 27-ஐ நெருங்கினால் எங்கோ கம்பி அளவுக்கு மீறி வளைந்திருக்கிறது அல்லது இணைப்பு முனையில் அழுக்கு சேர்ந்திருக்கிறது. இந்த எண்ணைச் சொல்லிப் புகார் கொடுத்தால், பெட்டியை அணைத்துவிட்டு மீண்டும் போடுங்கள் என்ற வழக்கமான பதிலைத் தாண்டி உரையாடல் நகர வாய்ப்புண்டு.

காலையில் முழு வேகம் கிடைத்து, இரவு ஒன்பது மணிக்கு மட்டும் கேபிளிலேயே கால்பங்காகச் சரிந்தால், அது நெரிசல். பெரும்பாலான வீட்டு ஃபைபர் இணைப்புகளில் பயன்படும் ஜிபான் முறையில், ஒரு கிளையின் மொத்தப் பதிவிறக்கத் திறனாகிய சுமார் 2.5 கிகாபிட்டை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. அதைவிட அதிகமாக நெரிசல் ஏற்படுவது, அந்தப் பகுதியை நடத்தும் நிறுவனம் மேலே வாங்கி வைத்திருக்கும் இணையத் திறன் போதாமல் போகும்போது. அதே நிறுவனத்தில் பெரிய திட்டத்துக்கு மாறுவது, நெரிசலான அதே சாலைக்கு அதிகச் சுங்கம் கட்டுவதாகவே முடியும். நிறுவனத்தை மாற்றுவதுதான் இதற்குச் சரியான வழி. ஒரே பெயரில் இயங்கும் சேவையே தெருவுக்குத் தெரு வேறுபடும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்: பிஎஸ்என்எல் ஃபைபர் இணைப்புகள் பல இடங்களில் உள்ளூர்ப் பங்குதாரர்கள் வழியாகவே தரப்படுகின்றன. ஆகவே நாளிதழ் விளம்பரத்தைவிட, அதே தெருவில் அதே இணைப்பை வைத்திருப்பவரின் சொல்லுக்கு மதிப்பு அதிகம்; அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேகத்தைப் பற்றியதாக மட்டும் இல்லாமல், இணைப்பு அறுந்தால் எத்தனை நாளில் ஆள் வருகிறார் என்பதாகவும் இருக்கட்டும்.

வேகமும் தாமதமும் வேறு வேறு

மேற்சொன்ன சோதனைகளில் எல்லா எண்களும் நன்றாக இருந்தும், பக்கங்கள் திறக்கச் சுணங்குகின்றன, விளையாட்டில் சுட்ட குண்டு ஒரு கணம் கழித்தே போகிறது என்று சிலர் சொல்வார்கள். இங்கே பேச்சு தாமதத்தைப் பற்றியது. ஒரு செய்தி போய்த் திரும்ப எடுக்கும் நேரமே தாமதம். அது மில்லிநொடியில் அளக்கப்படுகிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் 2002-இல் போடப்பட்ட ஐ2ஐ கேபிளின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். எனவே போய்வர மட்டும் 32 மில்லிநொடி ஆகும். 30 எம்பிபிஎஸ் திட்டத்திலும் 1 கிகாபிட் திட்டத்திலும் அந்த 32 மில்லிநொடியில் ஒன்றுகூடக் குறையாது. நீங்கள் விளையாடும் விளையாட்டின் சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறதா, மும்பையில் இருக்கிறதா என்பதுதான் அங்கே தீர்மானிக்கும் காரணி.

வலைப்பக்கங்களுக்கும் இது பொருந்தும். ஒரு பக்கம் திறக்கச் சிறுசிறு கோரிக்கைகள் பல முறை போய்த் திரும்புகின்றன என்பதால், ஓர் அளவுக்கு மேல் வேகத்தைக் கூட்டுவதால் பயன் சுருங்கிவிடுகிறது. கூகுளில் பணியாற்றிய மைக் பெல்ஷி 2010-இல் வெளியிட்ட அளவீட்டில், இணைப்பை 5 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 10 எம்பிபிஎஸ்ஸுக்கு இரட்டித்தும் பக்கம் திறக்கும் நேரம் 5 சதவீதம் அளவுக்கே குறைந்தது. அதற்குப் பிறகு வலைப்பக்கங்கள் பல மடங்கு கனத்துவிட்டன என்றாலும், நூறிலிருந்து முந்நூறுக்குப் போவதால் செய்தித்தளம் சட்டென்று திறக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு அன்றைய காரணமே இன்றும் தடையாக நிற்கிறது.

தாமதத்தில் வீட்டுக்குள்ளேயே உண்டாகும் ஒரு வகையும் உண்டு. யாராவது பெரிய கோப்பை ஏற்றும்போதோ இறக்கும்போதோ, ரவுட்டரில் தரவு வரிசைகட்டித் தேங்கிவிடுகிறது. அந்த வரிசையின் பின்னால் உங்கள் அழைப்பின் குரலும் காத்திருக்க நேரிடுகிறது. ஃபாஸ்ட்.காமில் கூடுதல் விவரங்களைத் திறந்தால் சுமை இல்லாதபோது தாமதம் எவ்வளவு, சுமை இருக்கும்போது எவ்வளவு என்று இரண்டு எண்கள் தெரியும். முன்னது 10, பின்னது 300 என்பது போன்ற இடைவெளி இருந்தால், வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்கியூஎம் வசதி கொண்ட ரவுட்டர் அந்தச் சிக்கலை ஏறக்குறையத் தீர்த்துவிடும். கைப்பேசிப் படங்களின் தானியங்கிச் சேமிப்பை இரவு நேரத்துக்குத் தள்ளிவைப்பதும் பலன் தரும். வேகத்தைக் கூட்டினால் வரிசை அடிக்கடி உருவாகாது என்பது உண்மைதான். ஆனால் அது சுற்றுவழி.

அலுவலக வேலையை வீட்டிலிருந்து செய்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் விபிஎன் (அலுவலகப் பிணையத்துக்கான பாதுகாப்பான தனிப்பாதை) வழியாகப் போகும்போது வேகத்தை முடிவு செய்வது பெரும்பாலும் அந்த விபிஎன் நுழைவாயில்தான். விபிஎன்னை அணைத்து அளந்தால் 90, இயக்கி அளந்தால் 12 என்று வந்தால், பேச வேண்டியது அலுவலகத்தின் ஐடி பிரிவிடம்.

தயங்காமல் மாற வேண்டிய நிலைகள்

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகும், மாறுவதே சரி என்று சொல்லக்கூடிய வீடுகள் இருக்கின்றன. இன்னும் தொலைபேசிச் செம்புக் கம்பியில் இணையம் வைத்திருப்பவர்கள் முதலில் வருகிறார்கள். அந்தக் கம்பியில் இணையம் தரும் ஏடிஎஸ்எல்2+ தொழில்நுட்பத்தின் உச்சவரம்பே 24 எம்பிபிஎஸ்; தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு தள்ளிப்போகப் போக அது விரைந்து சரியும், ஐப்பசி கார்த்திகை மழையில் இணைப்புப் பெட்டிக்குள் ஈரம் இறங்கினால் அதுவும் போகும். தெருவுக்கு ஃபைபர் வந்திருந்தால் எந்தச் சோதனையும் செய்யாமல் மாறிவிடலாம். வேகத்தைவிட, மழைக்காலத்தில் நிலைத்து நிற்பதே அங்கே பெரிய ஆதாயம்.

அடுத்து, கேபிளில் அளந்தபோது திட்டத்தின் முழு வேகமும் கிடைக்கிறது, உச்ச நேரத் தேவையோ அதைத் தாண்டுகிறது என்று தாளிலேயே தெரியும் வீடுகள். 30 எம்பிபிஎஸ் இணைப்பில் 4கே தொலைக்காட்சி ஒன்றும் இரண்டு அலுவலகக் கூட்டங்களும் கேமராக்களும் ஓடும் கூட்டுக்குடும்பம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர்கள் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மாறினால் அன்றைக்கே வித்தியாசத்தை உணர்வார்கள். நூறிலிருந்து இருநூறு, முந்நூறுக்குப் போவோருக்கு அந்த உணர்வு பெரிய பதிவிறக்கங்களின்போது மட்டுமே கிடைக்கும். ஒரு கிகாபிட் திட்டம் சராசரிக் குடும்பத்துக்கு எந்த வகையிலும் தேவையில்லை என்பது என் கருத்து. வீட்டிலேயே ஒளிப்பதிவுக் கூடம் நடத்துபவர்கள் இதற்கு விதிவிலக்கு.

மாத அளவு தீர்ந்து வேகம் குறைக்கப்படுவதால் தவிப்பவர்கள் வேறு வகை. வரம்பற்றது என்று விற்கப்படும் திட்டங்களிலும் நியாயப் பயன்பாட்டு வரம்பு இருக்கிறது. வரம்பு எவ்வளவு, அதைத் தாண்டினால் வேகம் எவ்வளவாகக் குறையும் என்பதைத் தெரிவிக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. ஃபைபர் திட்டங்களில் பரவலாகக் காணப்படும் 3,300 கிகாபைட் வரம்பு, நாளுக்கு 110 கிகாபைட்டாகிறது. எச்டி காணொளி மணிக்கு 3 கிகாபைட் வரை எடுக்கும். ஒரு தொலைக்காட்சியை இரவும் பகலும் அணைக்காமல் ஓடவிட்டாலும் நாளுக்கு 72 கிகாபைட்தான் செலவாகும். எனவே ஃபைபர் வீடுகளில் இந்த வரம்பைத் தொடுபவர் அரிது. ஏர்ஃபைபர் வகைத் திட்டங்களில் வரம்பு 1,000 கிகாபைட் என்ற அளவில் இருப்பதால், அங்கே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது அவசியம்.

பணத்தை எங்கே போடுவது

இதை எழுதும் காலத்தில் 30 முதல் 50 எம்பிபிஎஸ் திட்டங்கள் மாதம் சுமார் 400 முதல் 500 ரூபாய்க்கும், 100 எம்பிபிஎஸ் திட்டங்கள் 700 முதல் 800 ரூபாய்க்கும், 300 எம்பிபிஎஸ் 1,500 ரூபாய் அளவிலும், 1 கிகாபிட் 4,000 ரூபாய் அளவிலும் விற்கின்றன. எல்லாவற்றின் மீதும் 18 சதவீத ஜிஎஸ்டி தனி. 400 ரூபாய்த் திட்டத்திலிருந்து 700 ரூபாய்த் திட்டத்துக்கு மாறினால் வரியோடு ஆண்டுக்கு 4,248 ரூபாய் கூடுதலாகச் செலவாகும். 700-இலிருந்து 1,500-க்கு மாறினால் 11,328 ரூபாய். இரு அலைவரிசைகளும் கிகாபிட் துளைகளும் கொண்ட நல்ல ரவுட்டர் ஒன்றைச் சுமார் 3,000 ரூபாய்க்கு ஒரே முறை வாங்கினால் பல ஆண்டுகள் உழைக்கும். அளந்து பார்த்ததில் குறை வைஃபையில்தான் என்று தெரிந்தவர்கள் இந்த ஒப்பீட்டுக்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

பெரிய திட்டத்தோடு ஓடிடி சந்தாக்களைச் சேர்த்துத் தருகிறார்கள் என்பதும் ஒரு கவர்ச்சி. அவற்றில் நீங்கள் ஏற்கெனவே தனியாகப் பணம் கட்டிப் பார்க்கும் சந்தாக்களின் விலையை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள். இலவசமாக வந்தால் பார்ப்போம் என்ற வகையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு வேகத்தைவிடத் தடையின்மை முக்கியம். மின்சாரம் போகும்போதெல்லாம் இணையமும் போகிறது என்றால், 12 வோல்ட் ரவுட்டருக்கென்றே விற்கப்படும் சிறு யுபிஎஸ் பெட்டி எந்தத் திட்ட மாற்றத்தைவிடவும் பயனுள்ளது. அதை மாட்டிய பிறகும் மின்தடையின்போது இணையம் நின்றுவிடுமானால், தெருவில் மின்சாரத்தால் இயங்கும் நிறுவனத்தின் கருவி ஏதோ பேட்டரி இல்லாமல் இருக்கிறது; ஜிபான் முறையில் இடையிலுள்ள பிரிப்பான்களுக்கு மின்சாரமே தேவையில்லை என்பதால், இந்தச் சிக்கல் பெரும்பாலும் பழைய முறையில் இயங்கும் உள்ளூர் இணைப்புகளில்தான் காணப்படும். ஒரே நிறுவனத்திடம் 1,500 ரூபாய்க்கு 300 எம்பிபிஎஸ் வாங்குவதைவிட, இரு வேறு நிறுவனங்களிடம் 400, 500 ரூபாய்த் திட்டங்களாக இரண்டு இணைப்பு வைத்துக்கொள்வது இத்தகையவர்களுக்கு ஏற்றது. இரண்டு கம்பிகளும் ஒரே கம்பத்தின் வழியாக வராமல் இருந்தால் இன்னும் நல்லது. சில அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சங்கம் ஒரே நிறுவனத்தை மட்டும் அனுமதிப்பதால், இரண்டாவது இணைப்பாக ஏர்ஃபைபரோ கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டோதான் மிஞ்சும்.

மாறுவது என்று முடிவெடுத்த பிறகு

ஆறு மாதம், ஓராண்டு என்று முன்பணம் கட்டினால் கட்டணம் குறையும் என்பார்கள். புதிய நிறுவனத்துக்கோ புதிய வேகத்துக்கோ மாறும்போது முதல் மாதம் மாதக் கட்டணத்திலேயே இருந்து பார்த்துவிட்டு, மனநிறைவு ஏற்பட்ட பிறகு நீண்டகாலத் திட்டத்துக்குப் போவதே பாதுகாப்பு. ஒப்புக்கொள்வதற்கு முன் நான்கு செய்திகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: பதிவேற்ற வேகம் எவ்வளவு, வரம்புக்குப் பின் வேகம் எவ்வளவு, அவர்கள் தரும் பெட்டியின் லேன் துளைகள் கிகாபிட்டா, இணைப்பைத் துண்டித்தால் காப்புத்தொகை எத்தனை நாளில் திரும்ப வரும். வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவை நேரடியாகப் பார்ப்பவர்கள், பொது ஐபி முகவரி (வெளியிலிருந்து உங்கள் வீட்டு இணைப்பை நேரடியாக எட்ட உதவும் எண்) தருவார்களா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பல நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதால், நிறுவனம் மாறிய மறுநாள் கேமரா எட்டாமல் போவதுண்டு.

பழைய இணைப்பை உடனே துண்டிக்காமல், புதியது ஓடத் தொடங்கிய பிறகு சில நாள்கள் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். கேபிள் செருகி முன்பு அளந்த அதே நேரங்களில், அதே மடிக்கணினியில், அதே சர்வர்களை வைத்து மீண்டும் அளந்து பழைய குறிப்போடு ஒப்பிடுங்கள். சொன்ன வேகம் கேபிளிலேயே வரவில்லை என்றால் வாடிக்கையாளர் மையத்தில் புகார் பதிந்து, அதற்குரிய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உரிய காலத்தில் தீர்வு கிடைக்காவிட்டால், ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டிய மேல்முறையீட்டு அதிகாரியிடம் அந்த எண்ணைக் காட்டி முறையிடலாம். டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை என்பதால், அங்கே எழுதிக் காத்திருப்பதில் நேரம்தான் போகும். வேகம் சொன்னபடி வந்தும் வீட்டில் யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்றால், அடுத்த கட்டணச் சுழற்சி தொடங்கும் முன் பழைய திட்டத்துக்கே இறங்கிவிடுங்கள். பெரும்பாலான நிறுவனங்களின் செயலியிலேயே அதற்கு வழி இருக்கிறது.